அத்தானின் மூக்கு

அத்தான் இறந்துபோன செய்தி வந்தபோது மாலை மணி நான்கு. அவரோடு வேலை பார்க்கும் கூட்டாளி என்னிடம்தான் போனில் பேசினார். அக்கா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் வீடு வீடாகப் போய் எலிக்கும் கரப்பானுக்கும் மருந்து வைப்பவர். தெருவில் எலி டாக்டர் என்று பெயர். தன் பேஷண்ட் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை என்பார். ஒரு சமையலறைக்குள் நுழைந்தால் முதலில் மூக்கை உறிஞ்சுவார். கரப்பான் பிரிட்ஜுக்குப் பின்னாலா, எலி பரணிலா என்று சொல்லிவிட்டுத்தான் பையைத் திறப்பார்.

அந்த மூக்கு செத்துவிட்டதை முதலில் கண்டுபிடித்தவள் அக்கா. போன மழைக்காலத்தில் ஒரு காலை, பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியது. அடுப்புக்குக் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டதற்குச் சளி என்றார். சளி கோடையிலும் போகவில்லை.

வேறு வேலை பார்க்கச் சொல்லி அக்கா மன்றாடினாள். முதலாளிக்குத் தெரியாதவரை பயமில்லை என்று அவர் மழுப்பினார்.

"மூக்காலயா சோறு திங்கிறோம்?"

"நாம மூக்காலதாங்க திங்கிறோம்."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

எலி பெருத்த வீடுகளில் ஆட்களை வெளியேற்றி, நச்சுப்புகை மாத்திரை வைத்து, சன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டிப் பூட்டிவிடுவார்கள். மறுநாள் கதவை லேசாகத் திறந்து முகர்வார்கள். அந்த நச்சுப்புகைக்குப் பூண்டு வாடை; அது வந்தால் உள்ளே போகக்கூடாது. அளந்து பார்க்க மீட்டர் இருந்தது. அதை வெளியே எடுப்பது பழைய ஆட்களுக்குக் கௌரவக் குறைச்சல். அத்தான், சளி என்று சொல்லிக் கூட்டாளியையே முகரவிட்டு, பல மாதம் ஒப்பேற்றியிருக்கிறார்.

அன்று கூட்டாளிக்குக் காய்ச்சல். முதல் நாள் பூட்டிய வீட்டைத் திறக்க அத்தான் தனியாகப் போனார். வீட்டுக்காரர் எதிர்ச்சாரியில் நின்று பார்த்திருக்கிறார். கதவைத் திறந்து, கண்ணை மூடி, நிதானமாக முகர்ந்தாராம்.

"வாடையே இல்ல சார். சன்னலத் திறந்துவிட்டுட்டு வந்துடறேன்."

வெகுநேரம் அவர் வெளியே வராததால் வீட்டுக்காரர் போன் செய்ய, கூட்டாளி காய்ச்சலோடு ஓடியிருக்கிறார். வாசலிலேயே பூண்டு வாடை அவர் முகத்தில் அடித்திருக்கிறது.

கூடத்துச் சன்னல் ஒன்று திறந்திருந்தது. அடுத்ததில் டேப் பாதிதான் உரிக்கப்பட்டிருந்தது.