சுறா எண்ணெய் குடித்த டைப்ரைட்டர்கள்

சேதுக்கரைக் கடலைத் தொட்டுச் சத்தியம் பண்ணுகிறேன்: இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை!

ஆபீஸ்களுக்கு டைப்ரைட்டர் விற்பவனின் சோறு, பழைய மெஷின் எப்போது மண்டையைப் போடும் என்பதில்தான் இருக்கிறது. ஆபீஸ்காரன் ஐந்தாறு வருஷத்துக்கொரு தடவை பழசைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கினால்தான் மெஷின் செய்கிற கம்பெனி நிமிரும். நம்மைப் போல மெஷின் விற்று மாரடித்தவர்களுக்கு இது தெரியும். ராமநாதபுரம் கிளையில் விற்பனையும் நான்தான், ரிப்பேரும் நான்தான். வம்பு அங்கேதான் பிறந்தது.

உப்புக்கு மருந்து

தனுஷ்கோடியில் ஒரு சரக்குக் கம்பெனி. உப்புக்காற்றில் மெஷின் இறுகிப்போய், காலையில் தட்டிய எழுத்து மத்தியானம்தான் தாளில் விழும். கரையில் வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். மரத்துக்கு ஆகிறது இரும்புக்கு ஆகாதா? ஒரு சிரட்டை வாங்கி உள்ளே ஊற்றினேன். மறுநாள் கிளார்க் ஓடி வந்தார்.

"என்னண்ணே இது! நான் நெனைக்கிறதுக்கு முன்னாடி அது அடிச்சுப்புடுது. நான் வேலைய விட்டுறவா?"

மெட்ராஸ் மேனேஜர்

அதிலிருந்து ரிப்பேருக்கு வந்த மெஷினுக்கெல்லாம் அதே எண்ணெய்தான்; ஊரெல்லாம் என் கைராசிதான் பேச்சு. சும்மா சொல்லக்கூடாது, நான் தொட்ட மெஷின் ஒன்றுகூடச் சாகவில்லை. ஆனால் அந்த வருஷம் வந்த புது மாடல் பன்னிரண்டும் பெட்டி பிரிக்காமல் கிடந்தன. பங்குனி முடிவதற்குள் அத்தனையும் போகாவிட்டால் கிளையை மூடிவிடுவதாக மெட்ராஸிலிருந்து மேனேஜரே வந்து சொன்னார். என் வேலை தொங்கிற்று. நாலைந்து ஆபீஸ் ஏறி, பளபளக்கும் கிழட்டு மெஷின்களைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, உன்னை மெஷின் விக்க வெச்சோமா, அதுக்குச் சாகாவரம் குடுக்க வெச்சோமா?"

முதுகுளத்தூர் பூனைகள்

பங்குனி வெயில் ஏறியதும் கடலை விட்டுத் தள்ளியிருந்த ஊர்களின் மெஷின்களில் எண்ணெய் காய்ந்து வாடை கிளம்பிற்று. முதுகுளத்தூர் மிளகாய்க் கம்பெனி முதலாளி சுத்த சைவம். அவர் ஆபீசில் பதினேழு பூனை. ஒன்று மெஷின் உருளைமேலேயே குடியிருந்தது. வரி முடிந்து மணி அடித்தால் இறங்கி நின்று, உருளையைத் தள்ளியதும் மறுபடி ஏறிக்கொள்ளும். பம்பாய் வியாபாரி, மிளகாய்க் கடிதத்தில் கருவாட்டு வாடை ஏன் என்று கேட்டு எழுதிவிட்டார். முதலாளி மூக்கில் துண்டோடு வந்தார்.

"தம்பி, இந்த மெஷின் சாகாது, நாங்கதான் செத்துருவோம். புதுசு ஒண்ணு கொண்டாங்க!"

அவரைப் பார்த்துப் பக்கத்து ஆபீஸ், அதைப் பார்த்து அடுத்தது. பதினொன்று போயிற்று.

பன்னிரண்டாவது

கடலோரத்து ஆபீஸ்களில் அந்த வாடையை யாரும் வாடையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கடைசி ஒன்று நகரவே இல்லை. பங்குனிக் கடைசி நாள், மேனேஜர் பூட்டோடு வந்துவிட்டார். கிளையை மூடும் கடிதத்தை அடிக்க எங்கள் ஆபீஸ் மெஷின் முன் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். அதற்கும் நான் எண்ணெய் ஊற்றியிருந்தேன்.

"அந்தப் புதுசைப் பிரி!" என்று கத்தினார். பிரித்தேன். பிரித்த பெட்டி விற்ற பெட்டி என்பது அவரே போட்ட சட்டம். அவர் கடிதத்தை அதில் அடித்து முடித்ததும் அதைப் பணிவாக எடுத்துச் சொன்னேன். அடித்த கடிதத்தை உருவிக் கிழித்தார்.

"பதினொண்ணை ஊரான் தலையில கட்டினே, சரி. பன்னெண்டாவதை என் தலையிலயே கட்டிட்டியேப்பா!"

பழசு துருப்பிடித்தால்தான் விற்கும் சரக்கை, பழசை நாறவைத்து விற்றவன் இந்தச் சீமையிலேயே நான் ஒருவன்தான் என்பதை ஊர் முழுக்கச் சொல்லுங்கள், ஆனால் சொன்னது யாரென்று மட்டும் மூச்சு விடாதீர்கள்.