கழட்டி அண்ணனின் கரி டப்பா

கழட்டி அண்ணனுக்கு அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது, ஆனால் பொருத்தமாகத்தான் வைத்தார். அவருடைய பட்டறையில் வண்டியை விட்டால் ஏதாவது ஒன்று குறைந்துதான் திரும்பி வரும். "இது எதுக்கு இங்க தொங்குது? கழட்டு" என்பார். கழற்றிய பிறகும் வண்டி ஓடும், சில சமயம் முன்னைவிட நன்றாகவே ஓடும். வினையே அங்கேதான். நாலு தரம் பலித்துவிட்டால் கை சும்மா இருக்குமா?

ஊரார் வண்டிக்கு அடியில் கிடந்தே ஐம்பது வயதைத் தாண்டியவர், கடைசியில் தனக்கென்று ஒரு பழைய கார் வாங்கினார். தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஏரிக்கரைச் சாலையில் ஒரு சுற்று போய்வருவார். பட்டறையில் எல்லோருக்கும் அவர் மனைவி அண்ணி. வீட்டில் கேட்டதற்கு 'உம்' மட்டும் கொட்டுகிற மனுஷன், அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் வாய் ஓயாது.

"வீட்ல பேசாததை எல்லாம் இங்க சேர்த்துவச்சுப் பேசுவீங்களா?" என்று அண்ணி கேலி செய்வார். மடியில் டீ பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு, அந்தப் பேச்சுக்காகவே அவரும் போனார்.

கார் அப்படியே இருந்திருக்கலாம். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. பானெட்டைத் திறந்தால் ஒரே ரப்பர் குழாய்கள், புகையைக் குறைக்கிறேன் என்று ஒரு பம்பு, ஓரமாக ஒரு கறுப்பு டப்பா. அந்த டப்பாவுக்குள் கரி இருக்கும். பெட்ரோல் டேங்கிலிருந்து கிளம்பும் ஆவியைப் பிடித்துவைத்து எஞ்சினுக்கே அனுப்பும் வேலை அதனுடையது. அண்ணனுக்கு அது தெரியாமல் இல்லை. "எஞ்சின் மூஞ்சியையே பார்க்க முடியல" என்று ஒன்று விடாமல் கழற்றினார். டேங்கிலிருந்து வரும் குழாயை அடைத்தால் டேங்குக்கு மூச்சு முட்டும் என்பதால் அதை மட்டும் திறந்தே விட்டார். கழற்றியதெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. எஞ்சின் பளிச்சென்று இருந்தது. பக்கத்துக் கடை பெயிண்டர் கைதட்டாத குறைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரியிலிருந்து திரும்பி, பட்டறை வாசலில் இறங்கும்போது அண்ணி முகத்தைச் சுளித்தார். "என்னங்க, உள்ள பெட்ரோல் வாடை குமட்டுது."

அண்ணன் ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தார். ஒன்றுமே தெரியவில்லை. பெயிண்டர் பக்கம் திரும்பினார். "கேட்டியா? மெக்கானிக் பொண்டாட்டிக்குப் பெட்ரோல் வாடை குமட்டுதாம். இத்தனை வருஷம் எங்கூட எப்படித்தான் குடும்பம் நடத்தினாளோ!"

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு வாடையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

அடுத்த வாரம் தலைவலி. அதற்கடுத்த வாரம் துணி ஊறவைத்திருந்தார். அப்புறம் ஞாயிறானால் பஸ் பிடித்துத் தங்கச்சி வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். கார் வாங்கிய கோபம் போலிருக்கிறது என்று அண்ணன் தானாகவே முடிவுகட்டிக்கொண்டார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் குறைந்தா போயிருப்பார்? கேட்கவில்லை. பேச்சு இருந்ததே அந்தக் காரில்தான், அதுவும் நின்றது. இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

தனியாக ஓட்டி ஓட்டி அலுத்துப்போய், காரை விற்றுவிடலாம் என்ற முடிவுக்கு வந்தார். பார்க்க வந்த பல் டாக்டர் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார், விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார்.

"டேங்க் ஒழுகுதாங்க? இந்த வாடையில எப்படி உட்கார்றீங்க?"

"வாடையா?" என்று அண்ணன் பெயிண்டரைப் பார்த்தார்.

பெயிண்டர் தரையைப் பார்த்தான். "அடிக்குதுண்ணே. நீங்க அந்த டப்பாவைக் கழட்டினதுல இருந்தே அடிக்குது. உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. காலமெல்லாம் பெட்ரோலில் கை கழுவிய மனுஷனுக்கு மூக்கு செத்துப்போய் எத்தனை நாளாயிற்றோ! செத்த மூக்கை நம்பி, உயிருள்ள மூக்கைக் கேலி செய்திருக்கிறார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. டாக்டரிடம் கார் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்.

பழைய இரும்புக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, வேறொரு காரின் கரி டப்பாவைத் தேடிப் பிடித்து மாட்டினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று பெயிண்டர் முணுமுணுத்ததைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணி பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாடை போயிடுச்சான்னு பாரேன்."

அண்ணி ஏறி உட்கார்ந்து மூச்சை இழுத்தார். "போயிடுச்சுங்க. சுத்தமா இல்ல."

"அன்னிக்கு நான் அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாது."

அண்ணி டாஷ்போர்டைத் தடவினார். "மறுநாளாவது என்னன்னு கேப்பீங்கன்னு பார்த்தேன்" என்றார்.

"இன்னிக்கு ஏரிக்கரைக்குப் போலாமா?"

"தங்கச்சி வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருப்பா."

"நான் கொண்டுபோய் விடறேன்."

"வேணாங்க. பஸ்ல ரெண்டு பேர் எனக்கு எடம் போட்டு வச்சிருப்பாங்க. போற வழியெல்லாம் பேசிக்கிட்டே போவோம்." கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினார்.

அண்ணன் தனியாகத்தான் போனார். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். இருக்கிறதா இல்லையா, ஒன்றும் தெரியவில்லை. பக்கத்துச் சீட்டைப் பார்த்து, "இப்பவும் அடிக்கலையே?" என்று கேட்டார்.