பதினேழு டிகிரி

எனக்கு மறதி அதிகம். பட்ட அவமானம் மட்டும் மறக்காது. பெருமாள்மலைக்குக் கீழே இருந்த காளான் கொட்டகையின் மேனேஜரை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. நல்லவேளையாக, அவர் முகம் செத்துப்போனதைப் பார்த்தவளும் நான்தான்.

இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு ஐந்தாறு வருடங்கள் அங்கே வேலை பார்த்தேன். பேத்துப்பாறையிலிருந்து இன்னொருத்தியும் வருவாள். அதற்கு முன் நாங்கள் இருவரும் கேரட் காட்டில் மழையில் ஊறி முதுகு ஒடிந்தவர்கள். கூரைக்குள் செய்கிற வேலை எங்களுக்கு லேசான விஷயமில்லை. "இந்தச் சோலியும் போச்சுன்னா திரும்பக் காட்டுல போயி குனிய என்னால ஏலாதுடி" என்று அவள் அடிக்கடி சொல்வாள்.

காளானுக்குப் பதினாறிலிருந்து பதினெட்டு டிகிரி வேண்டும். அதற்கு மேல் ஏறினால் காற்றாடியைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, தரையில் தண்ணீர் தெளித்து இறக்க வேண்டும். மூன்று வேளையும் தெர்மாமீட்டரைப் பார்த்து, சூடு எவ்வளவு, காற்றாடி ஓடுகிறதா என்று நோட்டில் எழுத வேண்டும். அது என் பொறுப்பு.

பழைய மேனேஜர் இருந்தவரை பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். திண்டுக்கல்லிலிருந்து புதியவர் வந்தார். வந்த வாரமே, நான் இருபத்து மூன்று என்று எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்தார். சரக்கு ஏற்ற வந்த லாரிக்காரர்கள் சுற்றி நின்றார்கள்.

"மொதலாளி இதப் பாத்தா என்னைய என்ன நெனப்பாரு? தேயிலை கிள்ளுன சிலோன்காரி கையில நோட்டக் குடுத்தா இப்பிடித்தான்."

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். என் அப்பாவும் அம்மாவும் கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கப்பல் ஏறி வந்தவர்கள். தேயிலை கிள்ளியதில் எங்களுக்கு வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் அவர் அதைச் சொன்ன விதத்துக்கு ஒரு நாள் பதில் சொல்லியே தீர்வது என்று அன்றைக்கே மனதில் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு வேலையின் வரிசையை மாற்றினோம். சூடு ஏறியிருந்தால் முதலில் காற்றாடி, ஜன்னல், தண்ணீர். சூடு இறங்கும்வரை காத்திருந்து அப்புறம் எழுதுவேன்: பதினேழு டிகிரி, காற்றாடி ஓடுகிறது. பொய் என்று சொல்ல முடியாது, எழுதுகிற நிமிடத்தில் அது பதினேழுதான். மூன்று வருடம் அப்படியே போனது. மேனேஜருக்கு ரொம்பத் திருப்தி.

அப்புறம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். சின்ன வயது, மரியாதையான பிள்ளை. காற்றாடியையும் தண்ணீரையும் இனி கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்றார். அதற்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்டேன்.

"உங்க கடைசி மூணு வருச நோட்டுதாங்க்கா. எந்தச் சூட்டுல நீங்க காற்றாடி போட்டீங்கன்னு பாத்து அதுவே கத்துக்கும். என்கூடப் படிச்சவன் ஆஸ்பத்திரியில நர்ஸுங்க எழுதுற சார்ட்ட வச்சு, யாருக்குக் காய்ச்சல் ஏறும்னு முன்னாடியே சொல்ல வைக்கிறான்."

அந்த நர்ஸுகளையும் யாராவது திட்டியிருப்பார்களோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அடுத்த நொடியே விஷயம் புரிந்துவிட்டது. அந்த மூன்று வருட நோட்டில் சூடு ஒரு நாள்கூட ஏறவில்லை. இதைப் படிக்கிற மெஷின், பதினேழில் காற்றாடி போட வேண்டும் என்றுதான் கற்றுக்கொள்ளும். இருபத்து மூன்று வந்தால் என்ன செய்வது என்று அதற்குத் தெரியவே தெரியாது.

"இதுல எதாவது விட்டுப்போச்சாக்கா?" என்று இன்ஜினியர் கேட்டார். சொல்ல வாயைத் திறந்தேன்.

"அதுகிட்ட என்ன கேக்குறீங்க? மெஷினு ஓட ஆரம்பிச்சா இதுக ரெண்டும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார் பின்னால் நின்ற மேனேஜர்.

"ஒண்ணும் விட்டுப்போகல தம்பி" என்றேன்.

அடுத்த மாதம் எங்களை நிறுத்திவிட்டார்கள். பனிக்காலம் முழுக்கக் கொட்டகைக்கு ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் மெஷினைப் பற்றிச் சத்தமாகப் பேசுவார். நான் வெயிலுக்காகக் காத்திருந்தேன். ஒரு வெயிலுக்காக அவ்வளவு ஆசையாக நான் காத்திருந்ததே இல்லை.

வெயில் வந்தது. விடியற்காலைக் குளிரில் காற்றாடி ஓடியதாம், நடு மதியத்தில் சும்மா நின்றதாம். பத்தே நாளில் காளான் வளரும் படுக்கை முழுக்கப் பச்சைப் பூஞ்சை. முதலாளி மதுரையிலிருந்து வந்து, இன்ஜினியரையும் எங்கள் இருவரையும் கூப்பிட்டுவிட்டார்.

"இந்தச் சிலோன்காரி பொய்யா எழுதிருக்கா மொதலாளி" என்றார் மேனேஜர்.

நான் பதில் சொல்வதற்குள் இன்ஜினியர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அதற்கு முந்தைய பழைய நோட்டையும் சேர்த்து எல்லாவற்றையும் கோடாக வரைந்து வைத்திருந்தார். பழைய மேனேஜர் காலத்தில் கோடு ஏறி இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு இடத்தில் சட்டென்று படுத்து, அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

"இந்த வாரத்துல என்ன நடந்துச்சு?" என்று முதலாளி கேட்டார்.

"இவரு வந்து சேந்தாருங்க. வந்ததும், இருபத்து மூணுன்னு நான் எழுதுன பக்கத்தக் கிழிச்சாரு" என்றேன். அத்தனை பேர் முன்னால் மேனேஜர் காதுவரை சிவந்ததைப் பார்க்கப் பார்க்க என் வயிறு குளிர்ந்தது. அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் பையோடு பஸ் ஏறுகிறவரை எதிரே நின்று பார்த்தேன்.

ஆனால் முதலாளி கொட்டகையையே மூடிவிட்டார். இனி இந்தத் தொழிலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வயர்களைச் சுருட்டிக்கொண்டே இன்ஜினியர் எங்களிடம், "ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமேக்கா. நெசமான சூடு தெரியணும்னா, இன்னும் ரெண்டு வருசம் நீங்க ரெண்டு பேரும்தான் எழுதணும்னு முதலாளிகிட்ட சொல்லி உங்களை நிறுத்தாம வச்சிருப்பேன்" என்றார்.

பேத்துப்பாறைக்காரி என் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். மறுவாரமே காட்டு வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். இப்போது பஸ்ஸில் எதிரே உட்கார நேர்ந்தாலும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பை மெல்ல நிமிர்த்துவதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.