காலிப் பெட்டி

இரண்டு வருடத்துக்கு முன்பு, தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடமில்லை. என் கழுத்தில் புத்தம் புதுக் கேமரா. ஐம்பது வயதில் இவளுக்கு என்ன ஆசை பார் என்று என் கணவர் சிரித்தார். சிரிக்கட்டும். வாரத்தில் ஆறு நாள் பூன் லேயில் ஒரு கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்து, பேர் கூப்பிட்டு, மருந்து கொடுத்து, எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டை அச்சடித்து நீட்டுகிறவள் நான். ஒரு நாளாவது என் கண்ணுக்கு வேறு வேலை கிடைக்கக் கூடாதா?

பூக்கடை, காய்கறிக் கடை, புல்தரையில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிடும் ஆட்கள் என்று ஒன்று விடாமல் எடுத்தேன். திரையில் பார்த்தால் எல்லாம் சுற்றுலா வந்தவர் எடுத்த படம் மாதிரியே இருந்தது. எரிச்சலாக வந்தது.

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். ஊருக்குச் சாமான் அனுப்பும் பார்சல் கடை வாசலில், ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்குக் காவலாக நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். ஜூரோங்கில் கப்பல் பட்டறை வேலை என்று சட்டையிலிருந்த கம்பெனிப் பெயரே சொன்னது. அவருடைய நண்பர் கடைக்குள் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

“தம்பி, அந்தப் பெட்டியைத் தோள்ல வச்சுக்கிறீங்களா? ஒரு படம் எடுத்துக்கிறேன்.”

“இது காலிப் பெட்டிக்கா. இனிமேத்தான் சாமான் போடணும்.”

“படத்துல அது தெரியவா போகுது? கனமா இருக்கிற மாதிரி பிடிங்க லா.”

அவர் தயங்கினார். “முதுகு கொஞ்சம் சரியில்லக்கா. எம்.சி.ல இருக்கேன்” என்றார்.

காதில் விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். விழுந்தது. ஆனால் முதுகுவலி என்று வருகிறவர்களில் பாதிப் பேருடையது நடிப்பு என்பது எங்கள் கவுண்டரின் தீர்ப்பு. திங்கட்கிழமை காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து நாங்கள் கண்ணால் சிரித்துக்கொள்வோம். அதே நினைப்பில், “காலிப் பெட்டிதானே, ஒரே நிமிஷம்” என்றேன்.

அக்கா என்று கூப்பிட்டுவிட்ட பிறகு மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. தூக்கி வைத்தார். இன்னும் கொஞ்சம் குனியச் சொன்னேன். குனிந்தார். முகம் சுருங்கியது. அடேயப்பா, என்னமாய் நடிக்கிறார் என்று நினைத்துப் படபடவென்று எடுத்துத் தள்ளினேன்.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான். “பெட்டி இல்லாம ஒண்ணு எடுங்கக்கா. அந்தப் படத்தை ஒரு காப்பி போட்டுக் குடுத்தா வீட்டுக்காரிக்கு அனுப்புவேன். ஞாயிறு ஞாயிறு இங்கதான் இருப்போம்.” எடுத்தேன். அடுத்த வாரமே கொண்டு வருகிறேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டிப் படத்தைப் புகைப்பட ஆர்வலர்களின் இணையக் குழுவில் போட்டேன். ‘உழைப்பின் சுமை’ என்று தலைப்பு வேறு. பாராட்டு குவிந்தது. அந்த முகத்தில் எத்தனை வலி என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்தக் காப்பி? அடுத்த ஞாயிறு முறுக்கு சுட்டேன். அதற்கடுத்த ஞாயிறு திரைச்சீலை தைத்தேன். தீபாவளி முடிந்த பிறகுதான் படத்தை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

பார்சல் கடை வாசலில் நண்பர் மட்டும் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“அவன் இல்லக்கா. போன வாரமே ஊருக்கு ஏத்தி விட்டுட்டாங்க.”

பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்து அவருக்கு முதுகில் அடியாம். ஸ்கேன் எடுக்க நாள்கூடக் குறித்திருந்தார்களாம். அதற்குள் என் படம் எப்படியோ அவருடைய சூப்பர்வைசர் கண்ணில் பட்டிருக்கிறது. சட்டையில் கம்பெனிப் பெயர் பளிச்சென்று தெரிந்ததே! எம்.சி. போட்டுவிட்டு வெளியே மூட்டை தூக்குகிறாயா என்று கேட்டு, வேலை பெர்மிட்டை ரத்து செய்துவிட்டார்கள். ஸ்கேனும் இல்லை, ஒன்றும் இல்லை.

“காலிப் பெட்டி சார், ஒரு அக்கா பிடிக்கச் சொன்னாங்கன்னு கெஞ்சியிருக்கான். யாரு நம்புவா? உங்க நம்பரும் எங்ககிட்ட இல்ல. ரெண்டு ஞாயிறு இங்கயே நின்னான்க்கா. அக்கா காப்பி கொண்டு வருவாங்க, கையோட ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிச் சொல்ல வைக்கலாம்னான். நாந்தான் ரூமுக்குப் போலாம் வாடான்னு இழுத்துட்டுப் போனேன்.”

நண்பர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த மனிதர் எனக்காக அங்கே நின்ற இரண்டு ஞாயிறும் நான் வீட்டில் முறுக்கு சுட்டுக்கொண்டும் தைத்துக்கொண்டும் இருந்தேனே, ஐயோ!

மறுநாள் கம்பெனிக்குப் போன் போட்டேன். நான்தான் நடிக்கச் சொன்னேன் என்று சொன்னேன், அழுதேன், கடிதமும் எழுதினேன். ஆள் போய்விட்டார், விஷயம் முடிந்துவிட்டது என்றார்கள். படத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்து என்ன பயன்? நண்பர் கொடுத்த எண்ணில் ஊருக்குக் கூப்பிட்டபோது அவர் மனைவிதான் பேசினார். கணவரால் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை என்றார். நான் யார் என்று சொன்னேன். போன் துண்டிக்கப்பட்டது. அதன் பிறகு அந்த எண் கிடைக்கவே இல்லை.

கேமராவை அப்புறம் நான் தொடவில்லை. பெட்டி இல்லாமல் அவர் நிமிர்ந்து நின்று சிரிக்கும் அந்தக் காப்பி மட்டும், உறையோடு என் கவுண்டர் இழுப்பறையில் கிடக்கிறது. முதுகு சரியில்லை என்று அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அன்று மதிக்காமல் விட்ட அந்தச் சொல்லை, இப்போது முதுகைப் பிடித்துக்கொண்டு யார் கவுண்டருக்கு வந்தாலும் காது கொடுத்துக் கேட்கிறேன். இனிக் கேட்டு அவருக்கு என்ன ஆகப்போகிறது?