பேய்ப் பாட்டும் வெள்ளைப் புடவையும்

இன்று தி. நகரில் ஒரு துணிக்கடையில் கரையில்லாத வெள்ளைப் புடவை கேட்டேன்.

"பேய்ப் பாட்டுக்குத்தானே மேடம்?" என்றார் விற்பனையாளர்.

பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப் படம் மாதிரி, கொலுசுச் சத்தமும் நாய் ஊளையுமாக ஆரம்பிக்குமே, அந்தப் பாட்டு. அதற்கு ரீல்ஸ் எடுக்க ஒரு வாரமாக வெள்ளைதான் போகிறதாம்.

பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் புடவையைத் தோளில் போட்டுப் பார்த்தாள். தோழி சொன்னாள், "மச்சி, நீ பேய் மாதிரி இல்லடி. பேய்க்கு ஹெச்.ஓ.டி. மாதிரி இருக்க."

வேறு நாளாக இருந்தால் எனக்கும் சிரிப்பு வந்திருக்கும்.

புடவை அம்மாவுக்கு. அப்பா போய் நாற்பது நாள் ஆகிறது. "இனிமே எனக்கு வெள்ளை போதும், வாங்கிட்டு வந்துடு" என்று காலையில் சொன்னாள். யாரும் அவளை அப்படிக் கட்டச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

"ஆமாம், ரீல்ஸுக்குத்தான்" என்றேன்.

"அப்ப பாலியெஸ்டர் எடுத்துக்கங்க. காத்துல நல்லாப் பறக்கும். வீட்ல கட்டன்னாதான் காட்டன். இப்பல்லாம் வீட்ல யாரு மேடம் வெள்ளை கட்டுறா?"

அவர் காட்டியதை வாங்கிக்கொண்டேன். கூடவே ஒரு பச்சைக் காட்டன் புடவையும்.

வீட்டுக்கு வந்து பச்சையை மட்டும் நீட்டினேன். "வெள்ளையெல்லாம் பேய்ங்களுக்கே போயிடுச்சாம், அம்மா."

அம்மா அதை மடியில் வாங்கிக்கொண்டாள். பிறகு ஓரத்தைத் தடவிப் பார்த்து, "சாயம் போகுமா?" என்றாள்.

வெள்ளை என் கைப்பையிலேயே இருக்கிறது. ரீல்ஸ் எடுப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். காற்றில் நன்றாகப் பறக்குமாம்.