மாடியோடு சேர்த்து விலை

எண்பதுகளில் வெளிநாட்டுப் பணம் காரைக்காலுக்கு வரத் தொடங்கியதும், சாமி ஊர்வலம் போகும் எங்கள் தெரு வீடுகளுக்கு ஏகக் கிராக்கி. தரகர்கள் போட்டி போட்டு விலையை ஏற்ற, எனக்கும் என் மனைவிக்கும் தலைகால் புரியவில்லை. வீட்டை விற்றுவிட்டு, பக்கத்தில் கோவில்பத்தில் புதிதாகக் கட்டிக்கொள்வதென்று முடிவே செய்துவிட்டோம்.

எல்லோரையும்விட அதிகம் கேட்டவர் துபாயிலிருந்து வந்தவர். வீட்டின் மவுசைக் காட்டவே அவரை மாங்கனித் திருவிழா அன்று வரச் சொன்னேன். அன்று சாமி வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள்; பிடித்துச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்று நம்பிக்கை. அவர் வந்த நேரம், முன்பின் தெரியாத ஒரு தம்பதி கைக்குழந்தையோடும் கூடை நிறைய மாம்பழத்தோடும் வாசலில் நின்றார்கள்.

"போன வருஷம் உங்க மாடியிலேர்ந்து வீசின பழத்தைத்தான் நாங்க பிடிச்சோம். புள்ள பொறந்துடுச்சு. அதே மாடியிலேர்ந்து பழம் இறைக்கிறதா வேண்டிக்கிட்டோம்ங்க" என்றாள் அந்தப் பெண்.

எல்லோரும் மேலே ஓடினோம். கீழே சாமி வந்ததும் தெரு முழுக்கக் கைகள் உயர்ந்தன. என் மனைவி ஒவ்வொரு பழத்தையும் குழந்தையைத் தொடவைத்து வீசினாள். வீடு வாங்க வந்தவர் வியர்வையில் சட்டை நனைய நனையக் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

இறங்கியதும் அவர் விலையை இன்னும் ஏற்றினார். நான் வாய் திறப்பதற்குள், "விக்கிறதா இல்லைங்க" என்றாள் என் மனைவி.

அவர் மாடிப்படியையே பார்த்தார். "அப்ப அடுத்த வருஷம் நானும் ஒரு கூடை கொண்டாரலாமா?"

அதுவரை அது எங்கள் மாடி என்றுதான் நினைத்திருந்தேன்.