மெத்தைக்கடைப் பஞ்சுவின் தூக்கம்

தூக்கத்தை விற்றுப் பிழைத்தவர் என்று யாரையாவது கைகாட்ட வேண்டுமானால் பஞ்சுவைத்தான் காட்ட வேண்டும். கடைவீதியின் பெரிய மெத்தைக்கடையில் அவர் விற்பனையாளர். மற்ற விற்பனையாளர்கள் ஸ்பிரிங், ஃபோம், உத்தரவாதம் என்று தொண்டை வறள விளக்கிக்கொண்டிருக்க, பஞ்சு செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் சாய்வார். வந்தவர் விலையைக் கேட்டு முடிப்பதற்குள் தூங்கிவிடுவார். நடிப்பில்லை, வாய் பிளந்த, கலப்படமற்ற தூக்கம். "மனுஷன் படுத்ததும் போயிட்டாரே!" என்று வந்தவர்கள் அசந்துபோய் அதே மெத்தையைக் கட்டச் சொல்வார்கள். முதலாளி அவரை ஊழியராக அல்ல, கடையின் சொத்தாகவே மதித்தார். "சத்தம் போடாதீங்கப்பா, பஞ்சு வியாபாரத்துல இருக்காரு" என்பார்.

உடம்பும் தொழிலுக்குத் தக்கபடி மெத்தையாகவே வளர்ந்தது. முழங்கால்கள் இரண்டும் வேலைநிறுத்தம் செய்தன. சர்க்கரை ஆதரவு தெரிவித்தது. இரைப்பையைச் சிறிதாக்கி எடையைக் குறைக்கும் ஆபரேஷன்தான் வழி என்றார்கள் டாக்டர்கள். பஞ்சு வெளிறிப்போனார். அவர் மனைவிக்குத் தையல் தொழில். அந்த அம்மாள் அசரவில்லை. "பெருசா இருந்தா பிடிச்சுத் தைக்கிறதுதானே? இதுல என்னங்க பயம்?"

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும். அவர் கேட்டார்: "தூக்கமெல்லாம் எப்படி?"

பஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முதல் மதிப்பெண் வாங்கக்கூடிய பாடத்தில் ஒரு மருத்துவர் கேள்வி கேட்பது இதுவே முதல் தடவை.

"தூக்கத்துல என்னை அடிச்சுக்க ஆளில்ல டாக்டர். கட்டிலைக் காட்டுங்க, இப்பவே ஒரு டெமோ தர்றேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பஞ்சுவின் கழுத்தையே பார்த்தார். "குறட்டை உண்டா?"

"அதை ஏன் கேக்குறீங்க!" என்று மனைவி முந்திக்கொண்டார். "எதிர்வீட்டுக்காரங்க படுக்கை அறையையே பின்பக்கம் மாத்திட்டாங்க. ஆனா ஒண்ணு, நடுநடுவுல கப்புனு நின்னுடும். அப்பாடான்னு அந்த நேரத்துலதான் நான் கண்ணசருவேன்."

"நின்னதுக்கு அப்புறம்?"

"திடீர்னு ஒரு திமிறு திமிறுவாரு. மறுபடி ஆரம்பிச்சிடுவாரு."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, தூக்கத்தைப் பரிசோதிக்க எழுதிக்கொடுத்தார். மார்பில் பட்டையும் விரலில் கிளிப்புமாகப் பஞ்சு ஒரு ராத்திரி தூங்கினார். பரிசோதனையில் தூங்குவதற்கு மதிப்பெண் உண்டென்றே நம்பினார்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா திரையைத் திருப்பினார். "இந்தக் கோடு உங்க மூச்சு. இங்க பாருங்க, அசைவே இல்ல. தொண்டைச் சதை காத்துப் போற வழியை அடைச்சிடுது. மூளை பதறிப்போய் உங்களை எழுப்பி விடுது. மணிக்கு நாற்பது தடவைக்கு மேல இதே கதை. நீங்க நல்லா தூங்குறவர் இல்ல சார். வருஷக்கணக்கா தூங்காதவர். அதான் பகல்ல படுத்த இடத்துல போயிடுறீங்க. இப்படியே மயக்க மருந்து குடுத்தா எழுப்பி விடுறதுக்கு மூளையும் முழிச்சிருக்காது."

பஞ்சுவுக்கு வாழ்நாள் பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டது போலிருந்தது. ஆனால் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டது அவர் மனைவிதான்.

"டாக்டர்... அந்தச் சத்தமில்லாத நேரமெல்லாம்?"

"மூச்சு நின்ன நேரம்மா."

கணவர் மூச்சுத் திணறிய நேரங்களை எல்லாம் சேர்த்துத்தான் அந்த அம்மாள் இத்தனை வருஷம் தூங்கியிருக்கிறார்.

ஆபரேஷன் தள்ளிப்போனது. மூக்கில் முகமூடி மாட்டி, காற்றை உள்ளே தள்ளும் இயந்திரத்தோடு தினமும் தூங்கினால்தான் தேதி தருவேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

"மெத்தை விக்கிறவன் குழாய் மாட்டித் தூங்குறான்னு வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்மா."

"மூச்சு போறதுக்கு மானம் போகட்டும். வாயை மூடிக்கிட்டு மாட்டுங்க."

இயந்திரம் தன் வேலையைச் செய்தது. பஞ்சுவால்தான் தன் வேலையைச் செய்ய முடியாமல் போனது. கடையில் படுத்தால் இமைகள் மூடவே மறுத்தன. விட்டத்தையே பார்த்தார். மின்விசிறியில் இவ்வளவு தூசி இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

"என்ன சார், தூக்கம் வரலையா?" என்றார் மெத்தை வாங்க வந்தவர்.

"வரலை சார்" என்றார் பஞ்சு, பொய் சொல்லிப் பழக்கமில்லாததால். வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

முதலாளி தன் நெஞ்சில் கைவைத்தார். "என்னய்யா பஞ்சு, உடம்புக்கு என்ன?"

"சரியாயிட்டு வருது முதலாளி. அதான் சிக்கல்" என்ற பஞ்சு, ராத்திரிக் குழாய் விஷயத்தையும் ஒப்புக்கொண்டார்.

"தள்ளுபடி விற்பனை நேரம்யா. ஒரு வாரம் மட்டும் அந்தக் குழாயைக் கழட்டி வையேன். உனக்குக் கமிஷன் கூட்டித் தர்றேன்."

பஞ்சு இதை வீட்டில், சாப்பாட்டுக்கு நடுவில், சாதாரணமாகச் சொல்வது போல் சொன்னார். "ஒரே ஒரு வாரந்தாம்மா..."

தையல் இயந்திரம் நின்றது. மனைவி திரும்பாமலேயே சொன்னார்: "நீங்க மூச்சில்லாம கிடந்தப்போ நான் பக்கத்துல படுத்து அப்பாடான்னு சொல்லியிருக்கேன். இன்னொரு தடவை என்னை அப்படிச் சொல்ல வைக்காதீங்க."

பஞ்சு தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய் முகமூடியைத் துடைத்தார். மறுநாள் முதலாளி அவரைக் கிடங்குக்கு மாற்றினார். அங்கே விழித்திருப்பவர்தான் தேவை.

தேதி கிடைத்தது. ஆபரேஷன் முடிந்து, பாதி மயக்கத்தில், அதே முகமூடியோடு பஞ்சுவைப் பக்கத்து அறைக்குத் தள்ளி வந்தார்கள். மனைவி கட்டிலோரம் நின்றுகொண்டார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா. உட்காருங்க" என்றார் நர்ஸ்.

"அடுத்த மூச்சு விடட்டும், உட்கார்றேன்."

பஞ்சு மூச்சு விட்டார். அந்த அம்மாள் உட்காரவில்லை.

"விட்டுட்டாரே, பாத்தீங்கல்ல?"

"இது போன மூச்சு சிஸ்டர். நான் அடுத்ததைச் சொன்னேன்."